அடி பம்பும் நானும் ஒரு ஜிப்பாவும்

நான் முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படித்த பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து, "இந்த ஆளைப் பாரேன்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுகிற சிரமம் உங்களுக்கு வேண்டாம். திருடனுக்குச் சாவியைக் கொடுத்தவர்கள் ஊரில் நிறையப் பேர் இருப்பார்கள். சாவியையும் கொடுத்து, பூட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லியும் கொடுத்து, கதவு கிறீச்சிடுகிறதே என்று கீலுக்கு நாலு சொட்டுத் தேங்காயெண்ணெயும் விட்டுக்கொடுத்தவன், எனக்குத் தெரிந்து மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரைக்கும் நான் ஒருவன்தான்.

எழுபதுகளின் தொடக்கம். தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில், வேட்டி துண்டுப் பிரிவில் நின்றுகொண்டிருந்தேன். 'வேலை பார்த்தேன்' என்று எழுதாமல் 'நின்றேன்' என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்தக் கடையில் நாற்காலி முதலாளி அண்ணாச்சிக்கு மட்டும்தான். நாங்களெல்லாம் காலையில் நிற்க ஆரம்பித்தால் ஷட்டர் இறங்கும்வரை நிற்போம். காலுக்கு வேலை இருந்தது, கைக்கு வேலை இருந்தது, வாய்க்கும் வேலை இருந்தது. காது மட்டும்தான் சம்பளமில்லாமல் சும்மா கிடந்தது. சும்மா கிடந்தது என்ன செய்யும்? வம்பை விலைக்கு வாங்கும்.

துணியைக் கத்திரியால் ஒரு நறுக்கு நறுக்கிவிட்டு இரண்டு கையாலும் கிழிப்போம். மெல்லிசான மல் துணி பெருமூச்சு விட்டபடி கிழியும். முரட்டுக் காடாத் துணி திட்டிக்கொண்டே கிழியும். முழக்கோல் மேசையில் விழுகிற சத்தம், நூல்கண்டு உருளுகிற சத்தம், வாசலில் வாழைக்காய் பஜ்ஜி எண்ணெயில் இறங்குகிற சத்தம், எல்லாம் காதில் போய்த் தங்கிவிடும். முதலில் அவற்றை வாயால் செய்துகாட்டிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி வருவதற்கு முன் தொண்டையை ஒருமாதிரி கனைப்பார். அதை நான் கனைத்தால் கடை முழுக்க நிமிர்ந்து நிற்கும். இப்படியாக எனக்குக் கோமாளி என்கிற பெயர் கிடைத்தது. நானும் அதைச் சந்தோஷமாக வாங்கி மாட்டிக்கொண்டேன். மாட்டுவது சுலபம், கழற்றுவது கஷ்டம் என்று சட்டை விற்கிற கடையில் இருந்துகொண்டே எனக்குத் தெரியவில்லை.

வாயால் செய்தது போதாமல் ஒருநாள் பாட்டாகவும் எழுத ஆரம்பித்தேன். பில்லுக்குப் பின்பக்கத்தில் எழுதுவேன். ஒரு முறை வாடிக்கையாளருக்கே பில்லோடு ஒரு கவிதை போய்விட்டது. அவர் திரும்பி வந்து, கூட்டல் சரியாக இருக்கிறது, பின்னால் இருப்பது என்ன என்று கேட்டார். அண்ணாச்சி கூப்பிட்டார்.

"என்னவே, கவிஞராக்கும்? கடைக்குக் கவிஞரா வேணும்? வேட்டியை மடியும்."

மடித்தேன்.

எதிர்ப் பக்கத்தில், புடவைப் பிரிவில் என் நண்பன் நின்றான். அடையாற்றில், ஊரூர்க் குப்பத்தை ஒட்டிய ஒரு சந்தில் அவன் வீடு. அவன் குரல் இருக்கிறதே, அது வெல்லம் போட்ட இடி. கைக்குட்டை வாங்க வந்த அம்மாள் அந்தக் குரலைக் கேட்டுவிட்டுப் பட்டுப் புடவையோடு வீட்டுக்குப் போய்க் கணவரிடம் திட்டு வாங்குவாள். எனக்கோ எல்லாச் சத்தமும் வரும், என் சத்தம்தான் வராது. ரயிலைக் கூவச்சொன்னால் கூவுவேன், கதவைக் கிறீச்சிடச் சொன்னால் கிறீச்சிடுவேன். "என் பேர் இன்னது" என்று சொல்லச்சொன்னால் கோழிக்குஞ்சு பேசுவதுபோல இருக்கும்.

நாங்கள் அப்போது மயிலாப்பூரில் கோயில் குளத்துக்குப் பின்னால் பல குடித்தனங்கள் உள்ள ஒரு வீட்டில் இருந்தோம். முன்கட்டில் வீட்டுக்கார மாமி. கொல்லைப்புறம் அடி பம்பு. அந்தப் பம்புக்கும் நாங்கள் படுக்கிற அறைக்கும் நடுவில் ஒரே சுவர். விடிவதற்கு முன்பே என் மனைவி எழுந்து போய் அடிக்க ஆரம்பிப்பாள். தண்ணீர் உடனே வராது. வெறும் இரும்பு, வறட்டுத் தொண்டையோடு டொக்கு டொக்கு என்று இருமும். பக்கத்தில் ஒரு செம்பில் தண்ணீர் பிடித்து வைத்திருப்பாள். அதை மேலே ஊற்றி இன்னும் நாலு அடி அடித்தால் பம்பு மனசு மாறி, கொளகொளவென்று கொட்ட ஆரம்பிக்கும். கொஞ்சம் கொடுத்தால்தான் நிறையக் கொடுக்கும் ஜாதி அது. போர்வைக்குள் படுத்துக்கொண்டே இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கவிதை வந்தது.

டொக்கென்றாள், டொக்கென்றாள், வாய்திறக்கவில்லை;
தொண்டையிலே ஏதோஒரு சொல்சிக்கி நின்றாள்;
பக்கத்தில் இருந்தஒரு செம்புநீர் வார்த்தேன்;
பத்துவீட்டுக் கதைகளையும் பாட்டாகப் பொழிந்தாள்.

இப்படித் தொடங்கி இருபது, இருபத்தைந்து வரி போகும். எழுதி முடித்ததும் எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. நான் எழுதினவற்றில் முதன்முதலாகச் சிரிப்பு வராத ஒன்று அதுதான். மனைவியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டாள். பிறகு, "இதுல சிரிக்கணுமா, வேணாமா?" என்றாள்.

"வேண்டாம்."

"முன்னாடியே சொல்லக்கூடாதா. நான் எப்ப சிரிக்கணும்னு காத்துக்கிட்டிருந்தேன்."

அந்த வீட்டில் எல்லோருக்கும் நான் அப்படித்தான். நான் காய்ச்சலில் படுத்திருந்தால்கூட எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். ஒரே ஒரு முறை, ஒரே ஒரு விஷயத்துக்காக, என்னை ஒரு மனிதனாக நினைத்து இவர்கள் வாயை மூடிக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. "ரேடியோல வந்தா சொல்லுங்க, கேக்கறேன்" என்று மனைவி விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. என் கவிதை வானொலியில் வர வேண்டும், அதை இந்த வீடு கேட்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது. நிலாவையா கேட்டேன்?

அந்தக் காலத்தில் தெருவுக்குத் தெரு கவியரங்கம் நடக்கும். தலைவர் ஒருவர், கவிஞர்கள் ஐந்தாறு பேர், சோடா, மாலை. ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை சொல்வார்கள். நல்ல வரி வந்தால் கூட்டத்திலிருந்து "மறுபடியும்" என்று குரல் எழும்பும். கவிஞர் மூன்றாவது முறை சொல்வார். அந்த 'மறுபடியும்'தான் எங்களுக்கு மார்க்கு. எத்தனை 'மறுபடியும்' விழுந்தது என்றுதான் வெளியே வந்ததும் கேட்பார்கள், என்ன பாடினான் என்று கேட்கமாட்டார்கள்.

சாந்தோம் பக்கம் ஒரு வாசகசாலையில் எனக்கு முதல் வாய்ப்புக் கிடைத்தது. துணி கிழிவதைப் பற்றி எழுதினதை எடுத்துக்கொண்டு போனேன். முழுக்கச் சொல்லி முடித்தேன். ஒரே ஒரு குரல் எழும்பியது. "சார், மைக் வேலை செய்யலையா?" என்றது அது.

எனக்கு அடுத்து வந்தவர் தென்றலைப் பற்றிப் பாடினார். தென்றல் வந்தது, தென்றல் போனது, வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் வரிக்கு வரி 'மறுபடியும்' விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். இரண்டாவது வரிசையில் மூன்று பேர், அவரோடு ஒரே டாக்சியில் வந்து இறங்கினவர்கள், தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் தொழில் ரகசியம் புரிந்தது. கவிதையை மட்டும் கொண்டுபோனால் போதாது, கத்துவதற்கு ஆளையும் கொண்டுபோக வேண்டும். பம்புக்கு ஒரு செம்புத் தண்ணீர் மாதிரி, கூட்டத்துக்கும் முதல் குரல் ஒன்று ஊற்ற வேண்டும்.

கத்துவதற்கு என் நண்பனை விட்டால் யார்? புடவையை மடித்துக்கொண்டிருந்தவனிடம் போய்ச் சொன்னேன்.

"நீ பாடப்போற, நான் கத்தணும். எனக்கு இன்னா கெடைக்கும்?"

"மசால்வடை."

"எத்தினி?"

"வேணுங்கற வரைக்கும்."

"அப்ப கத்தறேன் நைனா."

கத்துவது என்றால் சும்மா இல்லை. தப்பான இடத்தில் கத்திவிட்டால் கவிதை கந்தலாகிவிடும். வரி முடிந்து, நான் மூச்சு வாங்கி, அந்த மூச்சு உள்ளே போய் வெளியே வருவதற்குள் கத்த வேண்டும். அதற்கு அவனுக்குக் கவிதை முழுக்க மனப்பாடமாக வேண்டும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் வடைப் பொட்டலத்தோடு அடையாற்றுக்கு பஸ் ஏறுவேன். கடற்கரையில் இழுத்துப் போட்டிருக்கும் கட்டுமரத்தில் உட்கார்ந்துகொண்டு பம்புக் கவிதையை அவனுக்கு ஊட்டினேன். எந்த இடத்தில் குரல் தாழ்த்த வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், 'டொக்கு' என்பதை நாக்கின் எந்தப் பகுதியால் சொன்னால் இரும்புச் சத்தம் வரும், எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். 

"இன்னாடா இது, பாடறதவிட கத்தறது பேஜாராக்கீதே" என்று அலுத்துக்கொண்டான். அலுத்துக்கொண்டே, மனசில் நிற்பதற்காக, வரிகளை என் பின்னாலேயே சொல்லிப்பார்த்தான்.

அப்போது ஒன்று நடந்தது. பக்கத்தில் ஒரு அம்மாள் மணலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னபோதெல்லாம் அவள் தலையைத் தூக்கவேயில்லை. அவன் அதே வரியைச் சொன்னான். அவள் கை அப்படியே நின்றுவிட்டது. நாலு வரியும் கேட்டுவிட்டு, "யார்றா அந்தப் பொண்ணு, இன்னா ஆச்சு அதுக்கு?" என்றாள். எனக்குப் புல்லரித்தது. என் கவிதையை என் காதே அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது. புத்தியுள்ளவனாக இருந்தால் அந்த நிமிஷமே கவிதையைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியிருக்க வேண்டும். நான் அவனுக்கு இன்னொரு வடை எடுத்துக் கொடுத்தேன்.

அடையாற்றில் ஒரு மன்றத்தின் ஆண்டுவிழாவில் கவியரங்கம் வந்தது. 'காதில் விழுந்தவை' என்பது தலைப்பு. எனக்காகவே வைத்ததுபோல இருந்தது. தலைவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். அன்று பாடுகிறவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, பொங்கலன்று வானொலியில் வரப்போகிற கவியரங்கத்துக்கு அழைத்துப்போவார் என்று சொன்னார்கள். நான் கதர்க்கடையில் ஒரு ஜிப்பா வாங்கினேன். மனைவியையும் வீட்டுக்கார மாமியையும் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்காரவைத்தேன். நண்பனை இரண்டாவது வரிசையில், நடுவில், மைக்குக்கு நேராக உட்காரவைத்தேன். அவனுக்குப் பக்கத்தில், என் பெயர் கூப்பிடும்வரை நான்.

எனக்கு முன்னால் பாட வேண்டியவர் வரவில்லை. மழை வேறு. செயலாளர் மேடையில் கைகளைப் பிசைந்துகொண்டு, அவையில் யாராவது நாலு வரி சொல்ல முடியுமா என்று கேட்டார். என் பக்கத்து நாற்காலி நகர்ந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சில வாரங்களுக்கு முன்பு கடையில் என் நண்பன், யாரும் பார்க்கவில்லை என்று, துணி மூட்டைமேல் சற்றே உட்கார்ந்திருந்தான். நான் பின்னால் போய் அண்ணாச்சி மாதிரிக் கனைத்தேன். அவன் துள்ளி எழுந்து, புடவை அடுக்கில் மோதி, அடுக்கோடு சரிந்தான். அண்ணாச்சி உள்பட எல்லோரும் சிரித்தார்கள். புடவைகளுக்கு அடியிலிருந்து அவன் சொன்னான்: "இரு நைனா, உனக்கு ஒரு நாள் கீது."

ஆகவே அவன் மேடை ஏறி, வாயைத் திறந்தால் 'இன்னா' வருகிறவன், "தமிழ்ப் பெருமக்களே, தாய்மார்களே" என்று தொடங்கி, "டொக்கென்றாள்" என்று முதல் வரியை எடுத்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பலே, அந்த நாள் இதுதானா என்று நினைத்துக்கொண்டேன். நாலு வரி சொல்லி என்னைப் பயமுறுத்திவிட்டு, "இதை எழுதியவர் இதோ வருகிறார்" என்று என்னை மேடைக்குக் கூப்பிடப்போகிறான். விளையாட்டுக்காரனுக்கு விளையாட்டு புரியாதா? கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

நான்காவது வரி முடிந்தது. நான் சொல்லிக்கொடுத்த இடத்தில், சொல்லிக்கொடுத்த மாதிரி, மூச்சு வாங்கினான். மண்டபம் பேசாமல் இருந்தது. கத்த வேண்டியவன் மேடையில் அல்லவா நிற்கிறான்? அந்த மௌனம் எனக்குப் பொறுக்கவில்லை. என் கவிதை அங்கே அநாதையாக நிற்பதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்? எனக்கே தெரியாமல் என் கை தட்டியது. என் வாய் திறந்தது.

"மறுபடியும்" என்று கத்தினேன்.

கோழிக்குஞ்சுக் குரல்தான். ஆனாலும் ஒரு செம்பு போதும் அல்லவா? மண்டபம் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் என் உதவி தேவைப்படவில்லை. பின்வரிசையில் கைக்குழந்தையை வைத்திருந்தவர்கூடக் கத்தினார். கடைசி வரிக்குக் கைதட்டல் மழைச் சத்தத்தை மூடிவிட்டது. நான் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, அவன் என்னைக் கைகாட்டுவதற்காகத் தயாராக நின்றேன்.

அவன் கும்பிட்டான். இறங்கினான். வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். என்னைப் பார்க்கவில்லை, மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உடனே என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மேடை ஏறினேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, இப்போது நீங்கள் கேட்டது நான் எழுதிய கவிதை" என்றேன். மண்டபம் சிரித்தது. "சத்தியமாக என் கவிதை" என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தது. "எங்கள் வீட்டுப் பம்பு அது" என்று கை இரண்டையும் விரித்தேன். பின்வரிசையில் ஒருவர் "மறுபடியும்" என்று கத்தினார். நான் வாழ்க்கையில் வாங்கிய முதல் 'மறுபடியும்' அது. முன்வரிசையில் மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குலுங்குவது தெரிந்தது. மனைவி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். வேறு கவிதை எதையும் நான் எடுத்துக்கொண்டு வரவில்லை. என்ன செய்வது? ரயிலைக் கூவினேன், துணியைக் கிழித்தேன், பஜ்ஜியை எண்ணெயில் போட்டேன். இறங்கும்போது தலைவர் என் தோளைத் தட்டி, "அன்பருக்கு நகைச்சுவை இயல்பாகவே வருகிறது" என்றார். பொங்கல் கவியரங்கத்துக்கு யாரைத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்ல வேண்டியதில்லை.

வெளியே மழை விட்டிருந்தது. என் நண்பன் வாசலில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

"தப்பா நென்ச்சிக்காத நைனா. நாலு வரி சொல்லுன்னான். என் வாய்ல வேற இன்னா கீது? நீ ஊட்னதுதான கீது."

"இறங்கறப்போ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா."

"அந்தக் கைதட்டு கேட்டதும் ஒரு மாதிரி ஆய்ட்ச்சு. விடு. ரேடியோல சொல்லிடறேன். 'இது என் தோஸ்த்து எழுதுனது'ன்னு சொல்லிட்டுதான் ஆரம்பிப்பேன். எங்கம்மா மேல சத்தியம்."

அவன் அம்மா மேல் சத்தியம் செய்யும்போது கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியது. யோசித்துப் பார்த்தால் இது இன்னும் நல்லதாகப் பட்டது. என் கோழிக்குஞ்சு வானொலியில் கத்துவதைவிட அவன் இடியில் என் பெயர் வருவது எவ்வளவு கம்பீரம். மறு ஞாயிறே வடையோடு போனேன். கடைசி இரண்டு வரியை அவன் குரலுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுத்தேன். என் புது ஜிப்பாவையும் போட்டுக்கொண்டு போகக் கொடுத்தேன். வானொலியில் ஜிப்பா எப்படித் தெரியும் என்று அவனும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பொங்கலுக்கு முன்பே பதிவு முடிந்துவிட்டது. மறுநாள் கடையில் அவனிடம் ஓடினேன்.

"சொன்னியா?"

"பொங்க அன்னிக்கு கேட்டுக்கோ. இப்பவே சொல்ட்டா சப்புனு பூடும்."

நல்ல யோசனை என்று நினைத்தேன். வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்தேன்: பொங்கலன்று வானொலியில் என் கவிதை வரும், என் பெயரும் வரும், யாரும் சிரிக்கக் கூடாது.

பொங்கலன்று காலையில் மாமி வீட்டுக் கூடத்தில் ரேடியோ முன்னால் எல்லாக் குடித்தனமும் கூடிவிட்டது. நான் வாசல்படியில் நின்றேன், நிற்பதுதான் எனக்குப் பழக்கமாயிற்றே. அறிவிப்பாளர் அவன் பெயரைச் சொன்னார். அடுத்து அவன் குரல். "இது என் நண்பன்" என்று ஆரம்பிப்பான் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "டொக்கென்றாள்" என்று ஆரம்பித்தான்.

சரி, முடிவில் சொல்வான் என்று பிடித்த மூச்சை விடாமலே நின்றேன். நான்காவது வரி முடிந்ததும், நான் சொல்லிக்கொடுத்த அதே இடத்தில், "மறுபடியும்" என்று ஒரு குரல் கேட்டது. எனக்குத் தெரியாத குரல். பழகிய தொண்டை, சரியான நேரம். அவன் தனக்கென்று ஒரு ஆளைத் தயார் செய்திருக்கிறான். அந்த ஆளுக்கு என்ன வாங்கிக் கொடுத்தான் என்று தெரியவில்லை. அதுவரை எனக்கு வலிக்கவில்லை. அந்தக் குரலைக் கேட்டபோதுதான் வலித்தது.

கவிதை முடிந்தது. நான் மாற்றிக் கொடுத்த கடைசி இரண்டு வரி பிரமாதமாக எடுபட்டது. அறிவிப்பாளர் அவன் பெயரை இன்னொரு முறை சொன்னார். அடுத்த கவிஞர் கரும்பைப் பற்றித் தொடங்கினார். மாமி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள்.

"என்னமா எழுதியிருக்கார். நம்மாத்துப் பம்பை நேர்ல நின்னுண்டு கேட்டாப்ல இருக்கு. உங்க சிநேகிதர் இங்க வந்திருக்காரோ?"

"மாமி, அது நான் எழுதினது. நம்ம பம்புதான் அது."

கூடம் சிரித்தது. "ஆரம்பிச்சுட்டார், நல்ல நாளும் அதுவுமா" என்றாள் மாமி. எனக்கு ஒரே ஒரு சாட்சி இருந்தாள். அந்தக் கவிதையை முதலில் கேட்டவள். அவள் பக்கம் திரும்பி, "நீ சொல்லேன்" என்றேன்.

மாமியும் திரும்பினாள். "நெஜமாம்மா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள், மாமியைப் பார்த்தாள், கூடத்தைப் பார்த்தாள். 

"அவருக்கு எல்லாமே விளையாட்டுதான் மாமி" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க எழுந்து போனாள்.

பின்னாலேயே போனேன். பொங்கல் பானையைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். உடனே பதில் வரவில்லை. பம்பு மாதிரிதான், கொஞ்சம் நேரமாயிற்று.

"விடியறதுக்கு முன்னாடி எழுந்து பம்பு அடிக்கறது நான். செம்புல தண்ணி பிடிச்சு வெச்சு ஊத்தறது நான். நீங்க போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு, 'செம்பு நீர் வார்த்தேன்'னு எழுதினீங்க. நான் யார்கிட்டயாவது போய் நான்தான் வார்த்தேன்னு சொன்னேனா?"

கரண்டியை வைத்துவிட்டு வாழை இலையைக் கழுவப் போனாள். நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றேன். பால் பொங்கி வழிகிற சத்தத்துக்கு ஒரு வரி மனசில் வந்தது. அதைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

மனைவியிடம் கோபித்துக்கொள்ள வழியில்லை, அவள் கணக்கில் நியாயம் இருந்தது. அதனால் அவள்மேல் வந்த கோபத்தையும் சேர்த்து நண்பனுக்கே வைத்துக்கொண்டேன். கடையில் வைத்துக் கேட்க வழியில்லாமல் போயிற்று. அவன் இப்போது அண்ணாச்சியின் செல்லம். கடைக்கு வருகிற பெரிய மனிதர்களிடமெல்லாம், "இவன் நம்ம கடைப் பையன்தான், ரேடியோக் கவிஞர் பாத்துக்கிடுங்க" என்று அறிமுகம் செய்தார். ஒரு ஸ்டூல்கூடப் போட்டார்கள். பிரிவுக்கு நடுவே, புடவைகளுக்கு முன்னால், என் நண்பன் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு விற்றான். நான் வேட்டி மடித்தேன். ஒருநாள் ஆற்றாமை தாங்காமல் பின்னால் போய்க் கனைத்துப் பார்த்தேன். அவன் திரும்பக்கூட இல்லை. இனி அவனுக்கு எழுந்து நிற்க வேண்டிய அவசியம் இல்லை அல்லவா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடையாற்றுக்கு பஸ் ஏறினேன். வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அம்மா மேல் சத்தியம் என்னடா ஆயிற்று என்று ஆரம்பிக்க வேண்டும். இத்தனை வருஷத்துச் சிநேகிதத்தில் உன் பொருள் எதையாவது நான் என்னுடையது என்று சொன்னேனா என்று கேட்க வேண்டும். குரல் தாழ வேண்டிய இடம், நிறுத்த வேண்டிய இடம் எல்லாம் மனசில் குறித்துக்கொண்டேன். இறங்கினதும் கால் தானாக வடைக் கடைப் பக்கம் போயிற்று. இழுத்துத் திருப்பினேன்.

அவன் அதே கட்டுமரத்தில் உட்கார்ந்திருந்தான். என் ஜிப்பாவைப் போட்டிருந்தான். அவனுக்குத் தோள் அகலம், எனக்கு இருந்ததைவிட அவனுக்குத்தான் அது பொருத்தமாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது. பக்கத்தில் அந்த அம்மாள் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். நான் உட்காரவில்லை.

பஸ்ஸில் தயார் செய்துவைத்த ஒரு வரியும் வரவில்லை. டொக்கு டொக்கு என்று தொண்டையில் ஏதோ இடித்தது. வார்ப்பதற்கு ஒரு செம்புத் தண்ணீர் யாரும் வைத்திருக்கவில்லை. கடைசியில் என் கோழிக்குஞ்சுக் குரலில், அழுதுவிடுவேனோ என்கிற பயத்தோடு, ஒன்றைத்தான் கேட்க முடிந்தது.

"எல்லாரும் உன்னோடதுன்னு நம்பிட்டாங்களேடா. எப்படிடா உனக்கு மனசு வந்துது?"

அவன் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"மொதல்ல கை தட்னதே நீதான நைனா."